இருமாமல் இருந்த இரண்டு மணி நேரம்

எனக்கு இடது நுரையீரல் கிடையாது. போன தை மாதம் லால்குடிக்குப் பக்கத்தில் எங்கள் களத்தில் அடிபட்டேன். அன்று மாலையே திருச்சியில் ஒரு மருத்துவமனையில் அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் ஜாக்கெட் தைக்கிறேன். காலால் மிதிக்கிற தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் ஏழாவது படியில் நின்றுவிட வேண்டும். நடந்துகொண்டே பேச முடியாது. மற்றபடி பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் போன வாரம் போன் செய்தாள். "உங்களுக்கு நடந்ததை எழுதிக் குடுங்கக்கா. மார்புல ஆபரேஷன் ஆனவங்க படிச்சா உபயோகமா இருக்கும்" என்றாள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சரி என்றேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் சேகர் திருச்சியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய அண்ணன் ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். கணவனின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். மூத்தார் எதிரில் தம்பி மனைவி உட்காருவதில்லை. நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. அவரும் பேசமாட்டார். நான் சோறு போட்டால், "போதும்னு சொல்லு" என்று தம்பியிடம் சொல்வார். தம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் கையை விரித்து இலையை மறைத்துக்கொள்வார். இதில் கோபமோ பகையோ கிடையாது. ஒருவருக்கொருவர் கொடுக்கிற மரியாதை அது. இப்போது கல்யாணமாகி வருகிற பெண்கள் அப்படி இருப்பதில்லை. நான் இருபத்துமூன்று வருடமாக அப்படியே இருந்தேன். கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

அறுவடைக்காக நானும் சேகரும் ஊருக்குப் போயிருந்தோம். மெஷின் வந்துபோன மறுநாள் காலை அது. மோட்டார் கொட்டகைச் சுவரை ஒட்டி நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றுவதற்காக மூத்தார் டிராக்டரைப் பின்பக்கமாக எடுத்து வந்தார். நான் மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையில் சிந்திக்கிடந்த நெல்லைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி வந்தார். நான் இடது பக்கம் இருந்தேன். டிரெய்லரின் பின்பலகை கிட்டே வந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. ஆனால் கத்துவதற்கு நேரம் இருந்தது. இதைப் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், நிச்சயமாக நேரம் இருந்தது. அவருக்குக் கேட்கும்படி நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் வாய் வரவில்லை. உள்ளங்கையால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன். டிராக்டர் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்.

பலகையின் மூலை என் இடது மார்பில் பதிந்து, என்னைச் சுவரோடு வைத்து அழுத்தியது. விலா எலும்புகள் முறிந்தது காதுக்குக் கேட்கவில்லை, உடம்புக்குள்ளே கேட்டது. சேகர் "அண்ணே, நிறுத்து" என்று அலறியது மட்டும் வெளியே கேட்டது. வண்டி முன்னால் நகர்ந்ததும் நான் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். மூச்சை இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். பாதி வந்தது.

லால்குடி அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அடுத்த நிமிடமே 108 வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என் கழுத்தும் கன்னமும் வீங்கியிருந்தன. தொட்டால் தோலுக்கடியில் ரவையைத் தொடுவதுபோல் நரநரவென்று இருந்தது. கிழிந்த நுரையீரலிலிருந்து கசிகிற காற்று தோலுக்கடியில் பரவினால் அப்படி ஆகுமாம். வண்டி டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது சக்கரத்தின் சத்தத்தில் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு ஜாக்கெட் மெஷின் மேலே கிடந்தது. அதற்கு இன்னும் ஊக்கு வைக்கவில்லையே என்று நினைத்தேன். சாகப்போகிறோமோ என்ற நேரத்தில் ஊக்கு நினைவுதான் வந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக இடது விலாவில் கீறி, விரல் பருமனுக்கு ஒரு குழாயை உள்ளே செலுத்தினார்கள். குழாயின் மறுமுனை தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலுக்குள் இருக்கும். மார்புக்குள் தேங்கிய ரத்தமும் காற்றும் அதில் இறங்கும். மார்பில் அடிபட்ட பெரும்பாலானவர்களுக்கு இந்தக் குழாயே போதும், நுரையீரல் தானாக விரிந்து ஆறிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குப் பாட்டில் நிரம்பியது. வேறு பாட்டில் மாற்றினார்கள். அதுவும் ஏறியது. காற்றுக் கொப்பளிப்பும் நிற்கவில்லை. ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனபோது மேலே ஓடிய விளக்குகள் வரை எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு நடந்ததெல்லாம் சேகர் சொல்லித் தெரிந்தது.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் வெளியே வந்து, சேகரையும் மூத்தாரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்.

"விவசாயமா? வாழை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"போட்டிருக்கோங்க."

"தார்ல ஒரு சீப்பு அடிபட்டா, அந்தச் சீப்பை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைக் காப்பாத்திடலாம். காம்புலயே வெட்டு விழுந்தா? இவங்களுக்கு நுரையீரலோட காம்புல கிழிஞ்சிருக்கு. பெரிய ரத்தக் குழாயும் காத்துக் குழாயும் அது வழியாத்தான் உள்ள போகுது. தைக்கப் பாப்போம். தையல் நிக்கலைன்னா மொத்தமா எடுக்கணும்."

"பாதியாவது வச்சிடுங்க டாக்டர்."

"வைக்க முடிஞ்சா நான் ஏங்க எடுக்கப்போறேன்? நடுவுல வெளிய வந்து உங்களைக் கேட்டுட்டு நிக்க நேரம் இருக்காது. இப்பவே சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க."

"ஒண்ணை வச்சுக்கிட்டு இருக்க முடியுங்களா?"

"இருக்கறவங்க நல்லாவே இருக்காங்க. ஆபரேஷன் மேசையிலயே போறவங்களும் உண்டு. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

சேகர் கையெழுத்துப் போட்டார். தன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, நர்ஸ் சொன்ன பிறகு நடுவில் நுழைத்து எழுதினாராம். அதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ்காரர் நோட்டோடு வந்து, வண்டி ஓட்டியது யார் என்று கேட்டார். சேகர் பதில் சொல்லத் தயங்கியபோது மூத்தார் எழுந்து நின்றார்.

"நான்தாங்க."

"பின்னால பாத்து எடுக்கக் கூடாதாய்யா? அந்தம்மா உனக்கு என்ன உறவு?"

"தம்பி சம்சாரம்."

அதற்குப் பிறகு நான் கண் விழிக்கும்வரை மூத்தார் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சேகர் சொன்னார். டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு. மூச்சு மெஷின்ல இருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் பேசுவோம்" என்றபோதும் அவர் வாய் திறக்கவில்லையாம்.

நான் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. மெஷின் காற்றைத் தள்ளும், மார்பு தானாக ஏறும். நம் மூச்சை இன்னொருவர் விடுகிற மாதிரி இருக்கும். அதை எதிர்த்து நாமாக மூச்சு விடப் பார்த்தால் மணி அடிக்கும். அடிக்கடி ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பார்கள். அந்தச் சில நொடிகள் தண்ணீருக்குள் தலையை அமுக்கியதுபோல் இருக்கும். நான் கையைக் காலை உதறாமல் பொறுத்துக்கொண்டேன். ஐ.சி.யு. நர்ஸ் இன்னொரு நர்ஸிடம், "இவங்க எவ்வளவு அமைதி பாரு. இந்த மாதிரி பேஷண்ட் கிடைக்கணுமே" என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். இடது பக்கம் இப்போது வெறும் இடம். அது மெதுவாக நீர் கட்டி நிரம்பிக்கொள்ளும், அதனால் கெடுதல் இல்லை. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், அதிகமானால் இருக்கிற ஒரு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காற்றுக் குழாயை வெட்டித் தைத்து மூடியிருக்கிறார்கள், அந்தத் தையல் ஆறுகிறவரை எல்லோருக்கும் பயம்தான். அவ்வளவும் சொல்லிவிட்டு, "இருமணும்மா. நல்லா இருமணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் அனிதா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பார்க்க விடுகிற கொஞ்ச நேரத்தில் என் தலைக்குப் பின்னால் நின்று சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். நான் அழுவேனோ என்று, அவள் முன்னால் வந்து நிற்பதே இல்லை. அந்த ஜாக்கெட்டுக்கு அவளே ஊக்கு வைத்து, கல்யாண வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். "ஒரு ஊக்கு தள்ளிப்போச்சும்மா, அந்தக்கா ஒண்ணும் சொல்லல" என்றாள். காப்பீட்டு அட்டை போக ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியதை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டேன். "அதை நீ கேக்காதே, பெரியப்பா பாத்துக்கிட்டாரு" என்றாள்.

ஒன்பதாம் நாள் என்னை இரண்டு கட்டில் போட்ட ஓர் அறைக்கு மாற்றினார்கள். நடுவில் திரை. அந்தப் பக்கக் கட்டிலில் மணப்பாறையிலிருந்து வந்த பிலோமினா அக்கா. முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ஸ்கூட்டரில் போகும்போது திண்டுக்கல் ரோட்டில் விழுந்து மூன்று விலா எலும்பு போய்விட்டது.

"முறுக்கு டின் மேலயே விழுந்தேன்டி. முறுக்கும் நொறுங்கிச்சு, நானும் நொறுங்கிட்டேன்" என்றார். "சிரிக்க வைக்காதீங்கக்கா, வலிக்குது" என்றேன். "எனக்கு மட்டும் இனிக்குதா?" என்றார்.

பகலில் அந்த அறைக்குள் ஆண்களையும் விடுவார்கள். சேகர் இல்லாத நேரம் மூத்தார் இருப்பார். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தை வராந்தா பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊருக்கே போகவில்லை. நெல்லை யாரோ ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். முதல் நாள் திரையைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி குடிக்கிற நேரமான்னு கேளுங்க."

"யாரைக் கேக்கணும்?" என்றார் பிலோமினா அக்கா.

"அவங்களைத்தான்."

"அவங்க உங்களுக்கு நாலடி தூரத்துல படுத்திருக்காங்க. நான் திரைக்கு இந்தப் பக்கம் கிடக்கேன்."

மூத்தார் வராந்தாவைப் பார்த்தார்.

"ஏ கற்பகம், ஒன் மூத்தாரு தண்ணி வேணுமான்னு கேக்குறாரு."

"இப்ப வேணாம்னு சொல்லுங்கக்கா."

"வேணாமாம். காது கேட்டிருக்கும், இருந்தாலும் சொல்லிட்டேன். இந்த வேலைக்கு நான் தனியா பில்லு போடப்போறேன் ரெண்டு பேருக்கும்."

இப்படியே இரண்டு நாள் ஓடியது. பிசியோதெரபிப் பெண் காலையும் மாலையும் வருவாள். மூன்று பந்து உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுக்கச் சொல்வாள். இழுக்கிற வேகத்தில் பந்து மேலே ஏற வேண்டும். எனக்கு ஒரு பந்து பாதி ஏறும். பிறகு ஒரு தலையணையை என் கையில் கொடுத்து, இடது மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வாள். முறிந்த எலும்பும் வெட்டிய காயமும் ஒன்றாக அதிரும். வலியில் கண் இருட்டும்.

"நம்ம எல்லாருக்கும் நுரையீரல்ல சளி ஊறிக்கிட்டேதான் இருக்கும்கா. நடமாடுறவங்களுக்கு அது தானா வெளிய வந்துடும். படுத்திருந்தா அடியில தேங்கிடும். தேங்குன இடத்துல காத்து போகாது. மத்தவங்களுக்குன்னா இன்னொரு பக்கம் சமாளிக்கும். உங்களுக்கு இன்னொரு பக்கம் இல்ல. மணிக்கு ஒரு தடவை இருமித் துப்பிடணும், சரியா?"

சரி என்றேன். அவள் முன்னால் இருமினேன். சேகர் முன்னாலும், அனிதா முன்னாலும் இருமினேன். மூத்தார் இருக்கும்போது என்னால் முடியவில்லை. ஊரில் அவர் கூடத்தில் இருந்தால், அடுப்படியில் தும்மல் வந்தால்கூட முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்கிறவள் நான். இங்கே பொத்தான் வைத்த நைட்டியோடு அவர் எதிரில் படுத்திருப்பதே எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. இதில் முக்கி முனகி இருமி, கிண்ணத்தில் துப்பி, அதை அவர் பார்க்க வைத்துக்கொண்டிருப்பதா. இதைப் படிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அப்போது அப்படித் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை அனிதா லீவு முடிந்து கிளம்பிப் போனாள். மதியம் சேகர் குளித்துவிட்டுக் கஞ்சி காய்ச்சி எடுத்துவர ஸ்ரீரங்கம் போனார். கொஞ்ச நேரத்தில் பிலோமினா அக்காவை ஸ்கேன் எடுக்கச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அறையில் நானும் மூத்தாரும் மட்டும்.

தொண்டைக்குக் கீழே சளி கரகரத்தது. இருமல் வந்தது. விழுங்கினேன். மறுபடி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். சேகர் வந்துவிடுவார், அக்கா வந்துவிடுவார், அப்போது இருமிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நர்ஸைக் கூப்பிடும் மணி என் இடது பக்கம் மேலே தொங்கியது. அந்தக் கையைத் தூக்க முடியாது. எடுத்துத் தரச் சொல்ல மூத்தாரிடம் பேச வேண்டும். நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடங்கியது நல்லது என்று நினைத்தேன். உண்மையில் இருமுவதற்குத் தெம்பு போய்க்கொண்டிருந்தது.

மூச்சு சிறுத்தது. நாயின் இளைப்புபோல் மேலேயே ஓடியது. மூத்தார் எழுந்து வெளியே போவது கேட்டது. அவர் நர்ஸ்கள் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். ட்யூட்டி மாறுகிற நேரம். என்ன பெரியவரே என்று ஒரு நர்ஸ் கேட்க, "தூங்குறாங்க. மூச்சு மட்டும் வேகமா இருக்கு" என்றிருக்கிறார். "எழுப்பிக் கேட்டீங்களா, என்ன செய்யுதுன்னு?" என்று அவள் கேட்டிருக்கிறாள். தன்னால் என்னிடம் கேட்க முடியாது என்று அவர் எப்படிச் சொல்வார். கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பி வந்துவிட்டார்.

கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். எனக்குக் கேட்டது. இன்னொரு தடவை செருமினார். நான் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்தால் அவரைப் பார்க்க வேண்டும், பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும். அவர் அங்கேயே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது.

பிலோமினா அக்காவின் நாற்காலி கதவைத் தாண்டியதும் அவருடைய குரல் கேட்டது. "ஏய், அவ உதடு என்னடி நாவப்பழமாட்டம் இருக்கு? சிஸ்டர், ஓடியாங்க. என்னய்யா மனுசன் நீ, பாத்துக்கிட்டு நிக்கிறே?"

விரலில் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் சின்னக் கருவியை நர்ஸ் மாட்டினாள். தொண்ணூற்று நாலு, ஐந்து காட்ட வேண்டியது எண்பத்தொன்று காட்டியது. அதன் பிறகு முகமூடி, ஓட்டம், ஸ்ட்ரெச்சர். மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயைக் காற்றுக் குழாய்க்குள் இறக்கி, கெட்டியாக அடைத்திருந்த சளியை உறிஞ்சி எடுத்தார்கள். அந்த வலியைப் பற்றி எழுத விரும்பவில்லை. அது செய்ய வேண்டியது, செய்தார்கள்.

அறைக்குத் திரும்பியபோது மணி நாலு. சேகர் கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். காற்று போகிற இடம் கறுப்பாக இருக்கும். என் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது.

"ஏம்மா, இருமல் வரவே இல்லையா?"

"வந்துச்சுங்க."

"வந்து?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பிலோமினா அக்கா சொன்னார்: "மூத்தார் இருந்தாருங்க டாக்டர். மரியாதைக்காக அடக்கிக்கிட்டா."

டாக்டர் சிரிக்கவில்லை. மூத்தார் வராந்தாவில் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"முக்கால்வாசிதான் எடுத்திருக்கோம். அடியில இன்னும் இருக்கு. இப்ப எண்பத்தெட்டு காட்டுது. நான் எட்டு மணிக்கு வருவேன். அதுக்குள்ள நீங்களா இருமி வெளிய எடுத்து, தொண்ணூத்திரண்டு தாண்டிடணும். இல்லைன்னா மறுபடி தொண்டையில குழாய் வச்சு மெஷின்ல போடணும். மெஷின் காத்தைத் தள்ளுற வேகத்துக்கு உள்ள இருக்குற தையல் தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. தையல் விட்டா என்கிட்ட வேற வழி ரொம்பக் கிடையாது. புரியுதாம்மா?"

புரிந்தது. சேகர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டார்.

வலிக்கு ஊசி போட்டு, இருபது நிமிடம் கழித்துப் பிசியோதெரபிப் பெண் வந்தாள். என்னை நிமிர்த்தி உட்கார வைத்தாள். தலையணையைச் சேர்த்துப் பிடிக்க என் கையில் வலு இல்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்து தட்ட வேண்டும். அதனால் சேகரைப் பிடிக்கச் சொன்னாள். அவர் பிடித்தார். நான் ஒரு தடவை இருமி, அம்மா என்று முனகியதும் கையை எடுத்துவிட்டார். மறுபடி பிடித்தார், மறுபடி எடுத்தார்.

"என்னால முடியலம்மா. அவ துடிக்கிறா."

"நீங்க விட்டா அவங்களுக்கு இன்னும் வலிக்கும் சார். எலும்பு ஆடாம இறுக்கிப் பிடிக்கணும்." வெளியே எட்டிப் பார்த்தாள். "ஐயா, நீங்க வாங்க."

மூத்தார் நகரவில்லை. "நானா? வேண்டாம்மா."

"வயல்ல வேலை செஞ்ச கை. உங்களால முடியும், வாங்க."

"அந்தப் பக்கந்தாம்மா நான் வண்டியை விட்டேன்."

சேகர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

"அப்ப இடம் எதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். கையைக் கழுவிட்டு வாங்க. நேரம் போகுது."

அவர் குழாயடியில் கை கழுவினார். சோப்புப் போட்டு முழங்கை வரை நெடுநேரம் கழுவி, தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். தலையணையை என் இடது விலாவில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எங்கே பார்ப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"எவ்வளவு அழுத்தணும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவங்களைக் கேளுங்க."

அவர் அண்ணாந்து சேகரைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

வலிக்கிறது என்று தலையசைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. "இருமு" என்றார். "நான் பிடிச்சிருக்கேன். இருமு."

முதல் இருமலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் தொண்டை வரை வந்து நின்றது. மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து, அந்த அறையே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு இருமினேன். பழுப்பு நிறத்தில் கட்டியாக, ரத்தத் துணுக்கோடு வந்தது. அவர் எதிரிலேயே கிண்ணத்தில் துப்பினேன். மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நைட்டி எப்படிக் கிடந்தது என்று நான் பார்க்கவில்லை. "நல்லா வருதுக்கா, விடாதீங்க" என்று அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்துக் கருவி தொண்ணூறு காட்டியது.

மணிக்கு ஒரு தடவை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஆறு மணிக்குச் செய்தோம், ஏழு மணிக்குச் செய்தோம். எட்டு மணிக்கு டாக்டர் வந்தபோது தொண்ணூற்று மூன்று. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார். "கீழ காத்து போகுது" என்றார். "மெஷின் வேண்டாம், இப்போதைக்கு. ஆனா நிறுத்தக் கூடாது. பிடிக்கிறது யாரு?"

"நான்தாங்க" என்றார் மூத்தார்.

டாக்டர் போன பிறகு சேகர் கஞ்சியைச் சூடு பண்ணக் கீழே எடுத்துப் போனார். மூத்தார் மறுபடியும் கை கழுவிவிட்டு வந்து தலையணையை எடுத்து வைத்தார். உடனே அழுத்தவில்லை. தலையணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேம்மா. நிறுத்தியிருப்பேனே."

அவர் கண் கலங்கியிருந்தது. மார்புக்குள் அடியில் இன்னும் கரகரவென்று ஏதோ இருந்தது. அது மேலே வருவது தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன். "அங்கதான். பலமா பிடிங்க."